குழந்தை ஏறும் பின்வண்டி: பூட்டுதலும் பேணுதலும்

சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேற் பிள்ளையை இருத்தி, ஊரைச் சுற்றிக் காட்டாத தந்தையர் நம் நாட்டில் அரியர். பின்னுள்ள காரியரில் அமர்ந்து, தந்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குச் சென்ற நினைவு நம்மிற் பலர்க்கு இனிமை தருவதே. ஆயினும் சக்கரத்தின் கம்பிகளிடையே குதிகால் சிக்கி அழுத பிள்ளைகளின் நினைவும் அதனோடு உடன்வருதல் உண்டு. பிள்ளை உயரத்தில் இருத்தலும், அதன் கால் சக்கரத்தருகே தொங்குதலும், உறக்கம் வந்தபோது அது ஒருபுறம் சாய்தலும் அம்முறையின் குறைகளாம். இக்குறைகளை நீக்கும்பொருட்டு மேல்நாடுகளில் வழங்குவது, சைக்கிளின் பின்னே பூட்டி இழுக்கும் சிறு வண்டியாகும். டிரெய்லர் என்று கூறப்படும் அதனை ஈண்டுப் பின்வண்டி என வழங்குவோம்.

யான் இக்கல்லூரியை விட்டு நீங்கியபின், ஆராய்ச்சியின் பொருட்டு ஜெர்மனி நாட்டு முன்ஸ்டர் நகரிற் குடும்பத்துடன் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தது. அந்நகரின் பழைய மதிலும் அகழியும் இருந்த இடத்தில் இப்பொழுது சுமார் நாலரைக் கிலோமீட்டர் நீளமுள்ள மரநிழற் பாதை நகரை வளைத்துச் செல்கின்றது. கார்கள் புகாத அப்பாதையிற் காலை வேளையிற் சைக்கிள்கள் ஆறு போல் ஓடும். அவற்றுட் பல பின்வண்டிகளை இழுத்துச் செல்லும். யானும் பழைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, என் மூன்று வயது மகளை அதில் இருத்திக் குழந்தைப் பள்ளிக்குக் கொண்டு செல்லலானேன்.

ஒரு நாட் காலை, நேரமாயிற்றென்று அவசரமாய்ப் புறப்பட்டேன். வண்டியைப் படிக்கட்டின் வழியே வீட்டினுள் ஏற்றுதற்காக முந்தின இரவு சக்கரங்களைக் கழற்றியிருந்தேன். மீண்டும் மாட்டிய போது இடச் சக்கரம் முற்றும் உட்செல்லவில்லை. அதனை யான் கவனித்திலேன். முதல் திருப்பத்தில் தரையிற் குழாய் உராயும் ஒலி கேட்டது. திரும்பிப் பார்க்கையில், சக்கரம் தனியே உருண்டு சென்று புல்லில் வீழ்ந்தது. வண்டி ஒருபுறம் சாய்ந்து நின்றது. வார்களாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. “அப்பா, சக்கரம் ஓடிப்போச்சு!” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாதை கார்கள் ஓடும் சாலையாய் இருந்திருந்தால் என்னாகும் என்ற எண்ணமே பல நாள் என் உறக்கத்தைக் கெடுத்தது.

அன்று யான் கற்ற பாடம் ஒன்றே. முன்கம்பியில் அமர்ந்த பிள்ளையை நம் கண் காண்கிறது, கை உணர்கிறது. பின்வண்டியிலுள்ள பிள்ளையோ நம் முதுகுக்குப் பின்னே உள்ளது. வழியில் நாம் காண இயலாததைப் புறப்படுமுன்னரே கண்டு தீர்த்தல் வேண்டும். இக்கட்டுரையிற் கூறப்படுவன யாவும் இவ்வொரு கருத்தின் விரிவே.

1. உறுப்புக்கள்

நம் நாட்டு மாட்டுவண்டியை அறிந்தார்க்குப் பின்வண்டியின் அமைப்பு விளங்குதல் எளிது. மாட்டுவண்டியில் அச்சும், அதன் இரு முனையிலும் சக்கரமும், சக்கரம் கழலாமற் காக்கும் கடையாணியும், முன்னே நீண்டு நுகத்தடியைச் சேரும் ஏர்க்காலும் உள்ளன. பின்வண்டியிலும் இவை யாவும் உருமாறி உள்ளன. அலுமினியக் குழாய்களாலாகிய சட்டமே இதன் உடல். அதன்மேற் கெட்டித் துணி போர்த்தியிருக்கும். உள்ளே ஒருவர்க்கோ இருவர்க்கோ இருக்கையும், பிணிக்கும் வார்களும் இருக்கும். சட்டத்தின் இடப்பக்கத்திலிருந்து முன்னோக்கி நீளும் தண்டே இதன் ஏர்க்கால். அதன் நுனியிலுள்ள மூட்டு, சைக்கிளின் பின்னச்சிற் பொருத்திய கொளுவியிற் சென்று மாட்டும். கடையாணியின் தொழிலை, கொளுவியிற் செருகும் ஓர் ஊசியும், சக்கரத்தின் குடத்தில் அழுத்தினாற் கழலும் ஒரு பொத்தானும் பகிர்ந்து செய்கின்றன.

மாட்டுவண்டிக்கும் இதற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. மாடுகள் திருப்பத்திற் சாய்வதில்லை. சைக்கிளோ திருப்பந்தோறும் சாயும். ஆதலின் ஏர்க்காலின் மூட்டு எப்பக்கமும் திரும்ப வல்லதாய் அமைக்கப்பட்டுள்ளது. சைக்கிள் சறுக்கி வீழ்ந்தாலும் வண்டி பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்றற்குக் காரணம் இதுவே. குழந்தையின் இருக்கை தாழ்ந்திருத்தலும், இம்மூட்டின் அமைப்புமே பின்வண்டியின் இரு பெரும் நலன்களாம்.

இக்கருவி மிகப் பழையதன்று எனினும் நேற்று வந்ததுமன்று. இரண்டாம் உலகப் போரிற் பாரிஸ் நகரம் பகைவர் கையில் இருந்த 1940 முதல் 1944 வரையுள்ள ஆண்டுகளில், பெட்ரோல் கிடையாமையாற் சைக்கிளின் பின்னே பூட்டிய வண்டிகளில் ஆட்கள் ஏறிச் சென்றனர். 1971-இல் அமெரிக்காவிற் கானண்டேல் என்னும் நிறுவனம் முதன்முதல் விற்ற பொருளே சைக்கிளிற் பூட்டும் பின்வண்டிதான். இந்நாளிற் குழந்தைகளுக்கான வண்டிகளின் வலிமையை ஆராய்தற்கு ஐரோப்பாவில் இ.என். 15918 என்றும், அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1975 என்றும் தரவிதிகள் உள்ளன. பழைய வண்டி வாங்குவோர் அதன் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டில் இவ்வெண்களுள் ஒன்று உளதா என நோக்குதல் நன்று. சரக்கு ஏற்றுதற்கென்று செய்யப்பட்ட வண்டியிற் குழந்தையை ஏற்றுதல் எக்காரணத்தாலும் தகாது.

2. பூட்டும் முறை

முதற்கண் நம் சைக்கிள் வண்டியிழுக்கத் தக்கதா என்று தெளிதல் வேண்டும். கார்பன் இழைச் சட்டமுள்ள சைக்கிள்களிற் பலவற்றிற்கு அவற்றைச் செய்தோரே பின்வண்டி பூட்டலாகாது எனத் தடை கூறியுள்ளனர். எஃகு, அலுமினியச் சட்டங்களாயினும் கையேட்டை நோக்கியே துணிக.

அடுத்தது கொளுவியைப் பொருத்துதல். இது பின்னச்சின் இடப்பக்கத்தில், அதாவது சங்கிலிக்கு எதிர்ப்புறத்தில் வரும். பின்னச்சுக்கள் மூவகைப்படும், வகைக்கேற்ப முறையும் வேறுபடும்.

முதலாவது, இரு முனையிலும் நட்டால் இறுக்கும் சாதாரண அச்சு. நட்டைக் கழற்றிக் கொளுவியை அச்சில் இட்டு மீண்டும் நட்டை முடுக்குக. கொளுவியின் கனத்தினால் அச்சின் மறை குறைந்துபோய், நட்டு முழுவதும் ஏறாதிருத்தல் கூடும். நட்டின் மறை முழுவதும் அச்சைப் பற்றாவிடின் அவ்வச்சு உதவாதென்க. குடத்தினுள்ளே கியர் உடைய சக்கரமாயின், அச்சுச் சுழலாமற் பற்றும் பல்லுள்ள வாஷர்கள் அங்கே இருக்கும். இடம் போதவில்லை என்று அவற்றைக் கழற்றி எறிவோர் பெருந் தவறு செய்வோராவர்.

இரண்டாவது, நெம்பியை மடக்கி இறுக்கும் மெல்லிய அச்சு. இதற்குக் கொளுவியோடு வரும் நீண்ட அச்சையே இடுதல் வேண்டும். எதிர்முனையிலுள்ள நட்டு ஐந்து முழுச் சுற்றாயினும் ஏறியிருக்க வேண்டும். நெம்பியை மடக்குங்கால் உள்ளங்கையில் அதன் தடம் பதியுமாறு அது இறுகியிருத்தல் நல்லடையாளம்.

மூன்றாவது, இக்காலத்துச் சைக்கிள்களிற் காணும் தடித்த அச்சு. இது சட்டத்தின் ஒரு கரத்தின் வழியே புகுந்து, மறு கரத்தில் நேரே திருகிச் செல்லும். பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் பருமனுடையது. இதற்கு வேறு அச்சு வாங்குவோர் பருமன், நீளம், மறையின் இடைவெளி ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் இன்றியமையாதது. மறையின் இடைவெளி 1.0, 1.5, 1.75 மில்லிமீட்டர் எனப் பலவாறு உள்ளமையின், பருமன் ஒத்ததென்று கருதி வலிந்து திருகினாற் சட்டத்தின் மறையே அழிந்துபடும். பழைய அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுதலே எளிய வழி.

எவ்வகை அச்சாயினும், கொளுவியைப் பொருத்தியபின் சக்கரம் நேராக இருக்கின்றதா, பிரேக் உராய்கின்றதா என நோக்குக. பின்பு ஏர்க்காலைக் கொளுவியிற் சேர்த்து, ஊசியைச் செருகி, அதன் வளையத்தை மூடுக. ஏர்க்காலின் நுனியில் ஒரு நாடாவும் தொங்கும். அதனைச் சைக்கிள் சட்டத்தின் பின்குழாயைச் சுற்றிக் கொணர்ந்து, மீண்டும் ஏர்க்காலின் வளையத்தில் மாட்டுதல் வேண்டும். ஊசி உடைந்தாலும் மூட்டுக் கழன்றாலும் வண்டி தெருவில் தனித்துப் போகாமல் இழுத்து நிறுத்துவது இந்நாடாவே. நாள்தோறும் பயன்படாத ஒன்றாதலின் பலர் இதனை மாட்டாது விடுகின்றனர். ஒருநாளேனும் பயன்படுமாயின் அவ்வொரு நாளுக்காகவே அது வைக்கப்பட்டதென்று அறிக. நாடா நீண்டு தொங்கிக் கம்பிகளிற் சிக்காதவாறு மிச்சத்தை மடித்துச் செருகுக.

பூட்டியபின் பக்கத்தில் நின்று பார்த்தால் வண்டியின் தளம் ஏறத்தாழ மட்டமாயிருத்தல் வேண்டும். பாரம் சிறிது முன்னோக்கியே இருக்க வேண்டும். பின்புறப் பையிற் கனத்த பொருள்களை நிறைத்தால் ஏர்க்கால் மேலெழுந்து சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்க முயலும். அதனால் அச்சக்கரத்தின் பிடிப்புக் குறையும்.

3. சக்கரங்களும் காற்றும்

சக்கரங்களை மாட்டுங்கால், குடத்தின் பொத்தானை அழுத்தி, உள்ளே தள்ளி, ‘டக்’ என்னும் ஒலி கேட்குமாறு செய்க. ஒலி கேட்டதென்று அமையாது, ஒவ்வொரு சக்கரத்தையும் வெளிப்புறமாய் வலிந்து இழுத்துப் பார்க்க. யான் அன்று செய்யாது விட்டது இவ்வொன்றே. இதற்கு வேண்டும் காலம் நாலு வினாடி.

டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது அதன் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பல பின்வண்டிகளுக்குச் சதுர அங்குலத்திற்கு 30 முதல் 35 பவுண்டு வரை போதும். சைக்கிள் டயருக்கு அடிப்பது போல் இதற்கும் கல்லாக அடித்தல் தவறு. வண்டி இலேசானது, காற்று மிகுந்தாற் சிறு கல்லின்மேல் ஏறினும் பந்து போலத் துள்ளும். துள்ளும் சக்கரம் தரையைப் பற்றாது. உள்ளிருக்கும் பிள்ளைக்கும் அதிர்ச்சி. காற்றுக் குறைந்தாலோ வண்டி ஒருபக்கம் இழுக்கும். டயர் ரிம்மை விட்டு நழுவும். இரு சக்கரத்திலும் காற்று ஒத்திருத்தல் வேண்டும். பெட்ரோல் நிலையத்து யந்திரக் காற்றை இச்சிறு டியூபுகளுக்கு அடித்தல் ஆகாது. கண் இமைக்குமுன் வெடித்துவிடும். கைப்பம்பே போதுமானது.

4. குழந்தையை இருத்துதல்

எவ்வயதிலிருந்து குழந்தையை ஏற்றலாம் என்பது பெற்றோர் முதலில் வினவுவது. வண்டி செய்வோரிற் பலர், ஓராண்டு நிரம்பாத குழந்தையைச் சைக்கிளோடு பூட்டிய வண்டியில் ஏற்றலாகாது என்கின்றனர். தானே நிமிர்ந்து உட்காரவும், தலைக்கவசத்தின் பாரத்தோடு கழுத்தை நிறுத்தவும் வல்லமை வந்திருத்தல் வேண்டும் என்பது கருத்து. ஜெர்மானியச் சாலைச் சட்டப்படி, ஏழு வயது நிரம்பாத பிள்ளைகள் இருவர் வரை பின்வண்டியிற் செல்லலாம். ஓட்டுவோர் 16 வயதிற் குறைந்தவராயிருத்தல் கூடாது. பாரத்திற்கும் அளவுண்டு. இருவர் அமரும் வண்டிகளிற் பலவற்றிற்குப் பிள்ளைகளும் பொருள்களும் சேர்ந்து 45 கிலோவே எல்லை.

வார்கள் ஐந்து முனையுடையன: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களிடையே ஒன்று. தோள்வார் தோளின் மட்டத்திலோ சிறிது மேலோ தொடங்குதல் வேண்டும். கனத்த குளிர்ச்சட்டையின் மேல் இறுக்கிய வார் உண்மையில் இறுகியதன்று. பஞ்சு அமுங்கியவுடன் தளரும். தலைக்கவசத்தின் பின்பக்கம் இருக்கையிற் பட்டுத் தலையை முன்தள்ளுமாயின் பிள்ளைக்குக் கழுத்து நோகும். நல்ல வண்டிகளில் அதற்கெனத் தலைக்குப் பின்னே இடம் விட்டிருப்பர். முன்புற வலையை எப்பொழுதும் மூடியே வைக்க; சைக்கிளின் பின்சக்கரம் வாரியெறியும் சிறு கற்களும் சேறும் நேரே குழந்தையின் முகத்திற்கே வரும். ஆனால் மழைக்கான பிளாஸ்டிக் மூடியை வெயிலில் இட்டுச் செல்லலாகாது. உள்ளே வெப்பம் விரைவில் ஏறும்.

வண்டி தாழ்ந்திருத்தல் நலனென்று மேலே கூறினோம். அதுவே பிறர் கண்ணிற் படாமைக்கும் காரணமாம். ஆதலின் நீண்ட கோலில் ஆடும் கொடியைக் கட்டுதல் வேண்டும். ஜெர்மனியில் வண்டிகள் வலப்பக்கம் செல்லுதலாற் கொடி இடப்பக்கத்தில் நிற்கும். இடப்பக்கம் செல்லும் நம் நாட்டிலாயின் வலப்பக்கத்தில் நிற்றலே பொருத்தம். ஒளிதிருப்பிகளைத் துடைத்து வைக்க. மாலையில் வண்டியின் பின்னே சிவப்பு விளக்கை ஏற்றுக.

5. விரைவும் திருப்பமும்

இனி ஓட்டும் முறையைக் கணக்கால் ஆராய்வோம். இரு சக்கரங்களுக்கும் இடையே 75 சென்டிமீட்டர் அகலமும், குழந்தையோடு சேர்ந்த வண்டியின் ஈர்ப்பு மையம் தரைக்கு மேல் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ளதாகக் கொள்க. சைக்கிள் திருப்பத்தில் உட்புறமாய்ச் சாய்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும், பின்வண்டியோ சாயாது. வெளிநோக்கித் தள்ளும் விசை அதனை வெளிச்சக்கரத்தின்மேற் கவிழ்க்க முயலும்; எடை அதனைத் தரையில் நிறுத்த முயலும். இரண்டும் சமமாகும் எல்லை, அகலத்திற் பாதியாகிய 37.5-ஐ உயரமாகிய 45-ஆல் வகுத்து, 9.8-ஆற் பெருக்கக் கிடைக்கும். அது வினாடிக்கு வினாடி 8.17 மீட்டர் முடுக்கமாம்.

ஆறு மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் விரைவிற் சென்றால் அம்முடுக்கம் 8.04 ஆகும், எல்லைக்கு மயிரிழையே குறைவு. உட்சக்கரத்தின் கீழ் ஒரு சிறு கல் அகப்பட்டாற் கவிழ்தற்கு அதுவே போதும். மணிக்கு 10 கிலோமீட்டர் விரைவிலோ அது 1.29 மட்டுமே. விரைவு இரண்டரை மடங்காயின் விசை ஆறேகால் மடங்காகின்றது. நேரான நல்ல பாதையில் 25-ஐக் கடவாதீர், திருப்பத்தில் 10-க்கு இறங்குமின் என்று செய்வோர் கையேடுகளில் எழுதியிருப்பதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

அன்றியும், திருப்பத்திற் பின்வண்டி சைக்கிள் சென்ற தடத்தில் வாராது. அதனினும் உட்புறமாய் ஒதுங்கி வரும். சைக்கிள் தப்பிய நடைபாதைக் கல்லில் வண்டியின் சக்கரம் ஏறிவிடும். ஆகவே திருப்பத்தை அகல வளைத்துச் செல்க.

பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான பின்வண்டிகளுக்குத் தனிப் பிரேக் இல்லை. சைக்கிளும் ஓட்டுவோரும் 90 கிலோ என்றும், வண்டியும் பிள்ளைகளும் 42 கிலோ என்றும் கொண்டால், நிறுத்தவேண்டிய பொருண்மை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. நிற்கும் தூரமும் அவ்வாறே மிகும். ஈரத் திருப்பத்தில் அழுத்திப் பிடித்தாற் பின்னுள்ள பாரம் சைக்கிளைப் பக்கமாய்த் தள்ளும். திருப்பத்திற்கு முன்னரே விரைவைக் குறைத்துக்கொள்வதே அறிவு. முதன்முறை ஓட்டுவோர் பிள்ளைக்குப் பதிலாக அரிசி மூட்டை ஒன்றை வாராற் கட்டி வைத்துப் பழகுதல் நலம்.

6. பேணுதல்

நாள்தோறும் பார்க்கவேண்டுவன ஐந்து: சக்கரங்கள் பூட்டிக்கொண்டனவா, ஊசி மூடியுளதா, நாடா மாட்டியுளதா, காற்று உளதா, வார் இறுகியுளதா. மடித்து வைக்கும் வண்டியாயின் சட்டத்தின் தாழ்களையும் அசைத்துப் பார்க்க.

மாதந்தோறும் செய்வன சில. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, அது நெளிந்து ஓடுகின்றதா, பேரிங்கில் ஆட்டம் உண்டா என நோக்குக. கம்பிகளை இரண்டிரண்டாய்ப் பிடித்து அழுத்தித் தளர்ந்தவற்றை அறிக. கொளுவியின் போல்ட்டுகளையும் நட்டுக்களையும், கையேட்டிற் குறித்த முறுக்குவிசை அளவுக்கு முடுக்கி வைக்க. மூட்டு ரப்பர் போன்ற பொருளாலாயின் அதனை வளைத்து, வெடிப்பு உளதா என நோக்குக. வெடிப்புக் கண்டால் ஒட்ட முயலாது மாற்றிவிடுக. குளிர்நாடுகளிற் பனியை உருக்கத் தெருவில் உப்பிடுவர். அவ்வுப்பு அச்சையும் ஊசியையும் அரிக்கும். அக்காலத்தில் நன்னீராற் கழுவித் துடைத்து, அச்சின் முனையிற் சிறிது கிரீஸ் தடவுதல் வேண்டும்.

துணியை வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்புங் கொண்டு கழுவுக. ஈரத்தோடு மடித்து வைத்தாற் பூஞ்சை பிடிக்கும். அந்நாற்றம் எளிதிற் போகாது. சிந்திய பால், பிஸ்கட் துணுக்கு முதலியவற்றால் வார்ப்பூட்டு அடைபடுதலும் உண்டு. வெயிலில் நெடுங்காலம் நின்ற வண்டியின் துணியும் வார்களும் வலுவிழக்கும். நூல் பிரிந்த வாரை வீட்டு ஊசியால் தைத்து அமைதல் கூடாது, புதியதையே வாங்குக. கவிழ்ந்து அடிபட்ட வண்டியின் குழாயில் வளைவோ விரிசலோ காணின், அதனை மீண்டும் பிள்ளைக்கு உரியதாக்கலாகாது.

முடிவுரை

இவையெல்லாம் சிறு செயல்கள். கல்வியுடையோர் இவற்றைத் தொழிலாளியின் வேலை என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. விசையையும் நெம்புகோலையும் பற்றித் தேர்வில் நன்கு விடையிறுத்த யான், ஒரு சக்கரத்தை இழுத்துப் பார்க்க மறந்தேன். கற்றது கைக்கு வாராவிடின் அது பிள்ளையைக் காவாது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் என் மகளே ஒரு வழக்கம் ஏற்படுத்தினாள். யான் சக்கரம் மாட்டும் பொழுது அருகே குந்தியிருந்து காது கொடுப்பாள். ஒலி கேட்டதும், “ஒண்ணு” என்பாள். மறுபுறம் ஓடி, “ரெண்டு” என்பாள். பின்பு தன் சிறு கைகளால் ஒவ்வொரு சக்கரத்தையும் இழுத்துப் பார்ப்பாள். அது அசையாதென்று கண்ட பின்னரே வண்டியில் ஏறுவாள். அவள் ஏறுங்காறும் யானும் காத்து நிற்பேன். எத்துணை நேரமாயினும் அதன்பின் அவசரப்பட்டதில்லை.